உறைந்த ஏரியில் துருவ ஒளி: 14 மி.மீ. லென்ஸா, 24 மி.மீ. லென்ஸா?

துருவ ஒளியைப் படமெடுக்க எந்த லென்ஸ் என்று கேட்டால் பலரும் வானத்தை மட்டும் வைத்தே பதில் சொல்வார்கள். உறைந்த ஏரியின் மேல் நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது காலடியை. அங்கே தெரிவது கண்ணாடிப் பனிக்கட்டியா, அதை மூடிய வெண்பனியா? ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 14 மி.மீ. எஃப் 2.8, 24 மி.மீ. எஃப் 1.4 இரண்டையும் அப்படித்தான் எடைபோட வேண்டும். மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை விரிந்து ஒளி கூடும், ஆனால் தெளிவாகத் தெரியும் தொலைவு குறுகும்.

வெளிச்சத்தில் 24-தான் முன்னால் நிற்கிறது. எஃப் 1.4 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600-இல் 14 கேட்கும் 12 விநாடி, 24-க்கு 3 விநாடியாகக் குறைந்துவிடும். அசையாமல் நிற்கும் பச்சை வளைவுக்கு இது பெரிய வேறுபாடில்லை. ஒளி திரைச்சீலையாக மடிந்து ஓடத் தொடங்கினால் கதை வேறு: 12 விநாடியில் மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் பச்சைப் பூச்சு மிஞ்சும். 14-இலும் 3 விநாடிக்கு இறங்கலாம், ஆனால் ஐஎஸ்ஓ 6400 ஆகும். இருண்ட பகுதிகளில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறும்.

காற்று வெண்பனியை அள்ளிச் சென்று பனிக்கட்டி வெளிப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழ். ஸ்வீடனில், அபிஸ்கோவை ஒட்டிய டோர்னெட்ரெஸ்க் ஏரியில் இப்படி அமைவதுண்டு. விரிசல்களும் உறைந்த குமிழ்களும் படத்தின் முன்பகுதியில் கூர்மையாக வர வேண்டும். 14-ஐ 2.3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து நட்சத்திரம் வரை தெளிவு கிடைக்கும். கேமராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில், செங்குத்தாக, தொடுவானம் நடுவில் வரும்படி வையுங்கள். படத்தின் அடி விளிம்பும் அதே 1.2 மீட்டரில்தான் தொடங்கும். விரிசலைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டு முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் முன்பகுதி மங்கிவிடும்.

24-ஐ எஃப் 1.4-இல் வைத்தால் தெளிவு 7 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். எஃப் 5.6-இல் 3.4 மீட்டரில் ஃபோகஸ் செய்து தரைக்கு இன்னொரு படம் எடுத்து ஒட்டலாம் என்பார்கள். அதற்கு 3 விநாடி 48 விநாடியாக நீளும். அதற்குள் வானம் மாறிவிடும். பனிக்கட்டியில் விழும் பிரதிபலிப்பு மேலே இருக்கும் ஒளியோடு பொருந்தாது. ஒட்டிய படம் பொய்யாகத் தெரிவது அதனால்தான். கண்ணாடிப் பனிக்கட்டிக்கு 14-தான், தயங்க வேண்டியதில்லை.

வெண்பனி மூடிய ஏரியில் 24-ஐ எடுங்கள். 14-இல் படத்தின் கீழ்ப்பாதி வெறும் வெள்ளையாகிவிடும், தொலைவு மலைகள் கோடாகச் சுருங்கும். அதே மலைகளை 24 சுமார் 1.7 மடங்கு பெரிதாகக் காட்டும். ஒரு விதிவிலக்கு: ஒளி உச்சியில் வெடித்து எல்லாத் திசையிலும் கதிர்களாக விரிந்தால் 24-க்குள் அடங்காது. அபிஸ்கோ போலவோ கனடாவின் யெல்லோநைஃப் போலவோ காந்தத் துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே உள்ள ஊர்களில் இது அடிக்கடி நடக்கும்.

டிரைபாடுக்குக் கூர்முனைப் பாதங்கள் வேண்டும். வண்டியின் சூட்டோடு வந்த ரப்பர் பாதம் பனிக்கட்டியை லேசாக உருக்கி மெல்ல இறங்கும். நட்சத்திரங்கள் கோடாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபோகஸ் வளையத்தின் முடிவிலிக் குறியை நம்பாமல், பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிச் சரிசெய்யுங்கள். 14-க்கு அங்கிருந்து 2.3 மீட்டருக்குத் திருப்பி டேப் ஒட்டிவிடலாம். குளிர் ஏற ஏற அது நகரக்கூடும், மறுபடி பாருங்கள்.

உறைபனி இரண்டையும் தாக்கும். 14-இன் புடைத்த முன்கண்ணாடியைச் சூடாக வைப்பது கடினம். 24-இன் நேரான குழலில் வெப்பப் பட்டை எளிதாகச் சுற்றும். ஆனால் 24-இல் யுவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தட்டைக் கண்ணாடி) மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கழற்றிவிடுங்கள். துருவ ஒளியின் பச்சை, ஆக்சிஜன் வெளியிடும் 557.7 நானோமீட்டர் என்ற ஒற்றை அலைநீளம். அது ஃபில்டரின் இரு பரப்புகளுக்கிடையே மோதித் திரும்பிப் படத்தின் நடுவில் வட்ட வட்டமான வளையங்களைப் பதித்துவிடும். பின்னர் எந்த மென்பொருளிலும் அவற்றைச் சுத்தமாக நீக்குவது மிகக் கடினம்.