ஷாங்காய் மக்கள் பூங்கா வரன் சந்தை: தாளில் எதைப் பார்ப்பது?

மக்கள் சதுக்கம் மெட்ரோ நிலையத்தில் (வழித்தடம் 1, 2, 8) இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. சனி, ஞாயிறு மதியத்துக்கு மேல் போங்கள். தரையில் விரித்த குடைகள், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் வரன் விவரம் எழுதிய ஒரு ஏ4 தாள். உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். தாள்களைப் படம் எடுக்காதீர்கள், கோபப்படுவார்கள்.

பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், ஹுகோவ் எனும் குடிப்பதிவு, சொந்த வீடு: தாளில் இருப்பது இவ்வளவுதான். ஹுகோவைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நாளை பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதும் அதை ஒட்டித்தான். மாப்பிள்ளைக்கு வீடு உண்டு என்றால் கடன் பாக்கி எவ்வளவு, பதிவு யார் பெயரில் என்று கேளுங்கள். திருமணத்துக்கு முன் ஒருவர் முன்பணம் கட்டி, கடனில் தன் பெயரில் வாங்கிய வீடு, பிரிய நேர்ந்தால் பொதுவாக அவருக்கே போகும். சீன உச்ச மக்கள் நீதிமன்றம் 2011-இல் தந்த விளக்கம் அது. சேர்ந்து கட்டிய தவணைக்கும் அதற்கேற்ப உயர்ந்த வீட்டு மதிப்புக்கும் மட்டும் மற்றவருக்கு ஈடு கிடைக்கும்.

பெரிய குறை, குணத்துக்கு ஒரு வரிகூட இல்லாதது. உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் 10,047 பேரிடம் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் வருமானத்தையும் ஆண்கள் தோற்றத்தையும் கூடுதலாகப் பார்த்தார்கள். ஆனாலும் அன்பும் அறிவும் இருபாலாருக்கும் அவற்றைவிட மேலே இருந்தன. அதனால் பெற்றோர் பேச்சை அங்கேயே முடித்துவிடாமல், பிள்ளைகளின் வீசாட் (சீன அரட்டைச் செயலி) எண்ணை மாற்றிக்கொண்டு அவர்களை நேரில் பேச விடுவதே சரி. தாளைத் தொங்கவிடும் தரகரிடம் பணம் கட்டும் முன், அது எத்தனை வாரம் தொங்கும் என்று கேளுங்கள்.