சுவரிலா சீலிங்கிலா: இரண்டையும் பதித்துக் கேட்ட பிறகு

திரையில் ஒருவர் பேசுகிறார், குரல் உச்சந்தலைக்கு மேலிருந்து வருகிறது. ஆறு மாதம் வீட்டு ஹோம் தியேட்டரில் இப்படித்தான் படம் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங் போடும்போதே ஐந்து ஸ்பீக்கரையும் மேலே பதித்துவிடலாம், சுவரைத் தொடவே வேண்டாம், ஒயர் இழுப்பதும் சுலபம் என்று வேலை செய்தவர் சொன்னார், அறை பார்க்கச் சுத்தமாக இருக்குமே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். பாட்டுக்கு அது நல்ல ஏற்பாடுதான், மெல்ல ஓடவிட்டால் அறை முழுக்க ஒரே சீராகப் பரவும். படத்துக்குத்தான் ஒத்துவரவில்லை. கொஞ்ச நாளில் காது பழகிவிடும் என்றார்கள். பழகவே இல்லை.

இப்போது முன்பக்கம் மூன்றும் சுவருக்குள், சீலிங்கில் இரண்டே இரண்டு. யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இடது, வலது, வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டர் மூன்றையும் சீலிங்கில் வைக்காதீர்கள், எவ்வளவு விலை கூடிய ஸ்பீக்கராக இருந்தாலும் சரி.

காரணம் நம் காதிலேயே இருக்கிறது. சத்தம் இடமா வலமா என்பதை இரண்டு காதுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். மேலிருந்தா எதிரிலிருந்தா என்பதைச் சொல்வது காது மடலின் வளைவுகள், முக்கியமாக உயர் அதிர்வெண்களில். பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகளைத் தெளிவாக்குவதும் அந்த அதிர்வெண்கள்தான். கண் ஓரளவுக்குக் காதை ஏமாற்றும், குரல் வாயிலிருந்தே வருவதாக நம்ப வைக்கும், ஆனால் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உயரம் அதிகமானால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். அதோடு சாதாரண சீலிங் ஸ்பீக்கர் தரையைப் பார்த்து ஒலிக்கிறது, நாம் அதற்குப் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம், அதனால் வசனத்தின் கூர்மை இன்னும் மங்குகிறது. ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து அளந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அளவும் தாமதமும் சரியானது, திசை மாறவில்லை, அதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது.

சுவருக்கு மாற்றியதும் முதல் படத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. இடது, வலது ஸ்பீக்கர்களில் உயர் ஒலிகளைத் தரும் சின்னப் பகுதியான ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் உயரத்தில் வந்தது. இடது வலது இரண்டும் நாம் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 60 டிகிரி விரிவில் இருப்பது நல்லது. நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. பெட்டி ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால், பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து 170 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியைக் கொஞ்சம் தின்றுவிடும், ஆண் குரலின் கனம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் சுவரோடு சுவராக இருந்தால் இந்தப் பள்ளம் இல்லை. பக்கச் சுவர், தரை இவற்றின் எதிரொலி மட்டும் இருக்கும், அதற்குக் கம்பளமும் திரைச்சீலையும் உதவும்.

சுவர் ஸ்பீக்கரின் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை வெட்டிவிட்டால் நகர்த்த முடியாது, உள்பக்கம் திருப்பி வைக்கவும் முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன் யாரிடமாவது சின்னப் பெட்டி ஸ்பீக்கர் இரவல் வாங்கி, அதே இடத்தில் ஸ்டாண்டில் வைத்து ஒரு வாரம் கேளுங்கள். ஜிப்சம் சுவர் என்றால் பின்னால் மூடிய பெட்டி வைத்த மாடலையே எடுங்கள். பெட்டி இல்லாவிட்டால் சுவரின் வெற்றிடமே பெட்டி ஆகிவிடும், பாஸ் எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, பலகை அதிரும், பக்கத்து அறைக்குப் படம் முழுவதும் கேட்கும். செங்கல் சுவர் என்றால் பல மாடல்களுக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குடைய வேண்டியிருக்கும், பாரம் தாங்கும் சுவரில் அந்த வேலையே வேண்டாம், சுவரின் மேல் மாட்டும் மெல்லிய ஸ்பீக்கர் போதும்.

அப்புறம் சீலிங் ஸ்பீக்கர். அதன் உண்மையான வேலை டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் முறை. 2012இல் திரையரங்குக்கு வந்து 2014இல் வீட்டுக்கு வந்தது அது, மழை, ஹெலிகாப்டர், மாடியில் நடக்கும் காலடி எல்லாம் மேலிருந்தே வரவேண்டும் என்பதற்காக. இரண்டு மட்டும் வைப்பதாக இருந்தால் இருக்கைக்கு நேர் மேலே, அல்லது அதிலிருந்து சற்று முன்னால். நான்கு என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, காதிலிருந்து பார்த்தால் 45 டிகிரி வரும்படி. கணக்கு எளிது: சீலிங் 2.7 மீட்டர், காது 1 மீட்டர் உயரம் என்றால் மிச்சம் 1.7, ஆகவே இருக்கையிலிருந்து அதே 1.7 மீட்டர் முன்னும் பின்னும். ட்வீட்டரைத் திருப்பிவைக்க வசதியுள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள், அது உண்மையாகவே பயன்படுகிறது.

பக்கத்திலும் பின்னாலும் ஒலிக்கும் சரவுண்டுக்கு என் ஓட்டு சுவருக்குத்தான், காதுக்குச் சற்று மேலே. ஒரு பக்கம் சுவரே இல்லை, முழுக்கக் கண்ணாடிக் கதவு என்றால் சாய்ந்த முகம் உள்ள சீலிங் ஸ்பீக்கரோடு சமாளிக்கலாம். ஆனால் சரவுண்டும் மேலே அட்மாஸும் மேலே என்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், மழை எது, பின்னால் வரும் கார் எது என்று பிரியாது. பாஸுக்கான சப்வூஃபர் தரையிலேயே இருக்கட்டும், இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் அது சரியாகும்.

சீலிங்குக்கு நான்கு ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம் என்றாலும் ஒயரை இப்போதே குழாய் போட்டு இழுத்துவிடுங்கள், 14 அல்லது 16 கேஜ், சுவருக்குள் போட ஏற்றது என்று குறித்தது. சுவரை மூடுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்த அந்தப் படங்களால்தான் இரண்டாவது முறை தண்ணீர்க் குழாயில் துளை போடாமல் தப்பித்தேன்.

இப்போதைய ஏற்பாட்டில் எனக்கு ஒரே குறை சென்டர்தான். டிவிக்குக் கீழே இருக்கும் அதை இன்னும் ஒரு சாண் மேலே வெட்டியிருக்கலாம், முன்வரிசையில் யாராவது காலை நீட்டி மேசையில் வைத்தால் வசனம் லேசாக மறைகிறது.