முதல் பைக்: ஹண்டரா, கிளாசிக்கா?

முதன்முதலாக கியர் பைக் வாங்கப்போகும் பெண்கள் பலர் ராயல் என்ஃபீல்டின் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் அதே 349 சிசிதான்.

வித்தியாசம் எடையில். ஹண்டர் 350 சுமார் 181 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இது தெரியாது. பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போதும், சிக்னலில் ஒரு பக்கம் சாயும்போதும்தான் அந்த 14 கிலோ தெரியும். சீட் உயரம் ஹண்டரில் 790 மி.மீ., கிளாசிக்கில் 805. ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பவருக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். சீட்டின் அகலத்தையும் பாருங்கள். அகலமான சீட் காலை விரித்துவிடும், அப்புறம் தரை இன்னும் தள்ளிப்போகும். தினமும் போடும் செருப்பிலோ ஷூவிலோ உட்கார்ந்து பார்ப்பதே சரி.

நெடுஞ்சாலையில் கிளாசிக்கின் 19 அங்குல முன்சக்கரம் நிதானமாகப் போகும். ஹண்டரின் 17 அங்குலச் சக்கரங்கள் நகர நெரிசலில் சட்டென்று திரும்பும்.

முதல் வண்டிக்கு நான் ஹண்டரையே சொல்வேன். ஷோரூமில் கூட வந்த அண்ணனிடமே விற்பனையாளர் பேசிக்கொண்டிருந்தால், சாவியை நீங்களே கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.