கொடிவேரியா ஒகேனக்கலா, குளிக்க எங்க போகலாம்?

லீவுக்கு பசங்கள ஆத்துல குளிக்க கூட்டிட்டு போகணும்னு வீட்ல பேச்சு வந்தப்போ பவானி ஆத்துல இருக்கற கொடிவேரி தடுப்பணை, காவிரியில இருக்கற ஒகேனக்கல் அருவி ரெண்டும்தான் லிஸ்ட்ல இருந்துச்சு. நாங்க கொடிவேரி போனோம், யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அழகுல ஒகேனக்கல்தான் மேல, மீன் வறுவலும் பரிசலும் ரெண்டு இடத்துலயும் உண்டு.

குளிக்கறதுக்குன்னா நான் பாக்கறது ஒண்ணுதான், மேல இருந்து தண்ணி எப்படி வருதுன்னு. மாயாறும் பவானியும் மேல இருக்கற பவானிசாகர் அணையிலயே தேங்கிடுது, அங்கேர்ந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்துக்கு திறந்துவிடறதுதான் பெரும்பாலும் கொடிவேரிக்கு வருது. அதனால சாதாரண நாள்ல தடுப்பணை மேல மெல்லிசா வழிஞ்சு விழும், சின்னப் பசங்ககூட தலைய காட்டிட்டு நிக்கலாம், கால்ல பாசி வழுக்கறத மட்டும் பாத்துக்கணும். ஆனா பவானிசாகர் முழுசா நிரம்பற அளவான 105 அடிய நெருங்கி உபரித் தண்ணி திறந்துட்டாங்கன்னா அதே இடம் ஆபத்து, கனமா விழற தண்ணி அடியில சுருண்டு திரும்ப அணைப் பக்கமே இழுக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே அதுல மாட்டிக்கிட்டா வெளிய வர்றது கஷ்டம். அப்போ குளிக்க தடை போடுவாங்க, கேட்ல நின்னு கெஞ்சாம திரும்பிடுங்க.

ஒகேனக்கல்ல கர்நாடகாவோட கிருஷ்ணராஜசாகர், கபினி ரெண்டு அணையிலயும் திறக்கறது வரும், வழியில பெய்யற மழையும் சேரும். தமிழ்நாட்டு எல்லையில பிலிகுண்டுலுல அளந்து நியூஸ்ல சொல்றாங்களே, ஒரு கன அடின்னா செகண்டுக்கு சுமார் 28 லிட்டர், அப்போ 10,000 கன அடின்னா எவ்ளோன்னு யோசிங்க. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு, இடுப்பளவு தண்ணியில நின்னவங்களால முழங்கால் தண்ணியில கூட நிக்க முடியாம போயிடும். பாறைய அறுத்துட்டு ஓடற ஆறு வேற, ஒரு எட்டு தள்ளி வெச்சா ஆழம். தண்ணி கம்மியா இருந்தப்போ மெயின் அருவிப் பக்கம் மட்டும்தான் நான் அங்க குளிச்சிருக்கேன், அதுக்கு மேல அனுபவம் இல்ல.

எங்க போனாலும் கரையோரக் கல்லுல தண்ணி தொடற இடத்த பாத்து வெச்சுக்கோங்க. அது ஏறினாலோ, தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்கி சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, துணி செருப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பசங்கள மேல ஏத்துங்க.