முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு

வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் கடலூர் வந்து, அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் பாதி வேலையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். 2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி சான்றிதழ் தருவதற்கே மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் தளத்தில் யூடிஐடி (அந்த அட்டையின் பெயர்) விண்ணப்பத்தை ஊருக்கு வருமுன்பே ஆன்லைனில் போடலாம். டிக்கெட் போட்ட கையோடு அதையும் போட்டுவிட்டால், பரிசோதனைக்குக் கூப்பிடும் நாள் லீவுக்குள் விழ வழியுண்டு.

பதியும்போது மொபைல் எண்ணாக உங்கள் துபாய், சிங்கப்பூர் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. வர வேண்டும் என்றால் பெற்றோர் கையில் இருக்கும் பத்து இலக்க இந்திய எண்தான் சரி. அடுத்தது இனிஷியல். ஆதாரில் 'கோ. ராமலிங்கம்', பாஸ்புக்கில் 'ராமலிங்கம் கோவிந்தன்' என்று இருந்தால் அட்டை கிடைத்தாலும் பணம் வங்கியில் போய் முட்டும். முதலில் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒன்றாக்குங்கள். மருத்துவமனையை விலாசச் சான்றில் உள்ள மாவட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்; சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம்.

ஊனச் சதவீதத்தில்தான் பலருக்கு ஏமாற்றம். ஒரு கண் முழுவதும் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். காதுக் கணக்கில் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, மோசமான காதுக்கு ஒரு பங்கு. அதனால் ஒரு காது மட்டும் செவிடானால் 17 சதவீதத்தைத் தாண்டாது. பலன்களுக்கான வாசற்படி 40. பக்கவாதம் வந்த சூட்டோடு கூட்டிக்கொண்டு போனால், நிலைமை ஒரு நிலைக்கு வந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அது அலைக்கழிப்பு இல்லை. தேறக்கூடிய கையை நிரந்தர ஊனம் என்று எழுத முடியாது.

அட்டை 40-க்குக் கீழ் வெள்ளை, 80-க்குக் கீழ் மஞ்சள், அதற்கு மேல் நீலம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கடும் உடல் ஊனத்தில் 75 சதவீதம் வேண்டும். 76 வாங்கியவர் கையிலும் மஞ்சள் அட்டைதான் இருக்கும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, பார்க்கின்சன் நோய்க்கு 40 போதும். 2023 ஜனவரியில் தொகை 1,500-லிருந்து 2,000 ரூபாயானது. இதற்குக் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வருவாய்த் துறை ஓய்வூதியம் வாங்குபவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது. பணம் வர ஆரம்பித்தபின் அப்பாவை ஆறு மாதம் உங்களிடம் அழைத்துக்கொண்டால், வாழ்நாள் சான்று கேட்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். நின்றுபோனதைத் திரும்பத் தொடங்குவது புதிதாக வாங்குவதை விடப் பாடு.

அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். பணம் கடலூர்–புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டாது. ரேஷன் கார்டு புதுச்சேரியில் இருந்தால் அங்குள்ள சமூக நலத் துறை, வேறு தொகை, வேறு படிவம்.

இனி பார்க்கிங். லண்டனில் மாற்றுத்திறனாளிக்குத் தரும் பார்க்கிங் அட்டையான ப்ளூ பேட்ஜை இங்கே டேஷ்போர்டில் வைத்துப் பயனில்லை. ஆளோடு எங்கும் செல்லும் அப்படியொரு அனுமதி இங்கே கிடையாது. கடையில் வாங்கி ஒட்டும் வீல்சேர் ஸ்டிக்கருக்கும் சட்ட பலம் இல்லை. இருப்பது கட்டட விதி: பொதுக் கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் இடம் விட வேண்டும். காருக்கு 2.4 போக, மீதி 1.2 மீட்டர் கதவை முழுக்கத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்த. பார்ப்பவர்களுக்கு அது காலி இடமாகத் தெரிவதால் இரண்டு ஸ்கூட்டியைச் செருகிவிடுவார்கள். அப்போது வாட்ச்மேனிடம் அட்டையைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவரே தள்ளி வைத்துவிடுவார்.

டோல்கேட் விலக்கும் அட்டைக்கு இல்லை. மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்து, ஆர்.சி.யிலும் அப்படியே பதிந்த வண்டிக்குத்தான்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அடைப்பு. அதற்குமுன் இறக்கிவிட்டு, காரைக் குறுக்குத் தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். திரும்ப ஏற்றும் இடத்தை டிரைவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டாக்ஸி சொல்லும்போது சி.என்.ஜி. வண்டியா என்று கேளுங்கள். டிக்கியில் சிலிண்டர் படுத்திருந்தால் மடக்கிய வீல்சேர்கூட உள்ளே போகாது.