சிறுநகரத்தின் வேலையின்மையை அறிய ஒரு சேவை: எல்.ஏ.யு.எஸ். பற்றி என் மதிப்பீடு

அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் என்று மாதந்தோறும் செய்திகளில் வரும் ஒற்றை எண், ஒரு சிறிய நகரத்தில் வேலை தேடுபவருக்கோ கடை நடத்துபவருக்கோ பெரிதாக உதவாது. அந்நாட்டின் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் மாநிலங்களுடன் சேர்ந்து நடத்தும் எல்.ஏ.யு.எஸ். என்ற வட்டார வேலையின்மைப் புள்ளிவிவரச் சேவை, 7,000க்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு மாதாந்தரக் கணக்கை இலவசமாகத் தருகிறது. அவற்றில் பல ‘பெருநகரப் பகுதி’ என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும்; அந்தப் பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 50,000 பேர் வாழும் நகர மையமும், வேலைக்காக அங்கே போய்வரும் மக்களால் அதனோடு பிணைந்த கவுன்டிகளும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இருந்தாலே அந்தப் பெயர் கிடைத்துவிடும்.

உழைப்பாளர் தொகை (வேலையில் இருப்போரும் வேலையற்றோரும் சேர்ந்தது), வேலையில் இருப்போர், வேலையற்றோர், வேலையின்மை விகிதம் ஆகிய நான்கு எண்களும் 1990 முதல் வரிசையாகக் கிடைப்பதே இச்சேவையின் பெரும் பலம் என்பேன். இந்தியானாவின் எல்கார்ட் பகுதியைத் தேடிப் பாருங்கள். பயண வீட்டு வண்டிகள் தயாரிக்கும் தொழிலையே பெரிதும் நம்பியிருக்கும் அப்பகுதியில் 2009இல் விகிதம் 20 சதவீதத்தை நெருங்கியது. 2018இல் 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2020 ஏப்ரலில் ஆலைகள் மூடியபோது கால் பங்கையும் தாண்டியது. ஒரே தொழிலைச் சார்ந்த ஊர் எவ்வளவு வேகமாக விழுந்து எழும் என்பதை நாட்டின் சராசரி ஒருபோதும் இப்படிக் காட்டாது.

ஆனால் இதைப் பயன்படுத்தும் முறையை அறியாதவர் எளிதில் தவறான முடிவுக்கு வந்துவிடுவார். பெருநகரப் பகுதிகளுக்கான மாதாந்தர வெளியீட்டில் முதன்மையாக இருப்பவை பருவ மாற்றத்துக்காகத் திருத்தப்படாத எண்கள். கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் குளிர்காலக் காய்கறி அறுவடை முடிந்ததும் வேலையற்றோர் எண்ணிக்கை கூடுவது வழக்கம். அங்கே பிப்ரவரியையும் ஆகஸ்டையும் ஒப்பிட்டுப் பொருளாதாரம் சரிந்தது என்று சொல்வது பிழை. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், அல்லது பணியகம் தனியே தரும் பருவத் திருத்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை ஆழமானது. வேலையின்மையை அளக்கும் நாட்டளவிலான மாத ஆய்வில் சுமார் 60,000 குடும்பங்கள் இடம்பெறுகின்றன. ஒரு சிறு பகுதிக்கு அதில் கிடைக்கும் மாதிரி போதாது. ஆகவே வேலையின்மைக் காப்பீட்டு விண்ணப்பங்கள் போன்ற தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டு, மாநிலத்தின் மொத்தத்தோடு பொருந்துமாறு சரிசெய்கிறார்கள். புதிய மாதத்தின் எண் தற்காலிகமானது. அடுத்த மாதமும் பின்னர் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. விகிதம் 0.2 சதவீதப் புள்ளி இறங்கியதை நல்ல காலத்தின் தொடக்கம் என்று எழுதும் உள்ளூர்ச் செய்திகளை நான் ஏற்பதில்லை.

விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு மிகவும் வருத்தம் தரும் உண்மையும் மறைந்துபோகும். கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியவரே பொதுவாக வேலையற்றவராகக் கணக்கில் வருவார். தேடித் தேடிச் சலித்து நிறுத்தியவர் உழைப்பாளர் தொகையிலிருந்தே வெளியேறிவிடுவதால், ஊர் நலிந்துகொண்டிருக்கும்போதும் விகிதம் இறங்கலாம். எனவே விகிதத்துக்கு முன்பு உழைப்பாளர் தொகையைப் பார்க்கும்படி எல்லோரிடமும் வேண்டுகிறேன். முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் உழல்பவரையும் சேர்த்துக் காட்டும் விரிந்த அளவீடு மாநிலங்களுக்கு உண்டு. சிறிய பெருநகரப் பகுதிகளுக்கு இல்லை. எனக்கு இதுவே இச்சேவையின் மிகப் பெரிய இடைவெளியாகப் படுகிறது.

மேலும், இங்கே ஒருவர் வேலை செய்யும் இடத்தில் அல்ல, வசிக்கும் இடத்தில் எண்ணப்படுகிறார். பக்கத்துப் பகுதியின் ஆலை மூடப்பட்டாலும் உங்கள் ஊரின் விகிதம் ஏறலாம் என்பதால், அதே பணியகம் நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களைக் கொண்டு வெளியிடும் வேலை எண்ணிக்கையையும் அருகில் வைத்துப் படிப்பது நல்லது.