பழைய மிஷன் இம்பாசிபிள்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

விலை இறங்கியிருக்கிறது, பழைய மிஷன் இம்பாசிபிள் தொடரின் ஏழு சீசனும் அடங்கிய ப்ளூரே பெட்டியை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பெட்டி என் வீட்டில் சில வருடங்களாக இருக்கிறது. அவ்வப்போது எடுத்து ஓரிரண்டு எபிசோடு பார்ப்பேன், பாதி நாள் திட்டிக்கொண்டே பார்ப்பேன்.

ரகசிய உளவுக் குழு ஒன்றின் கதை, ஆனால் டாம் க்ரூஸின் படங்களை மனதில் வைத்துக்கொண்டு இதைத் தொட வேண்டாம். 1966 முதல் 1973 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த இந்த 171 எபிசோடுகளில் ஓட்டமும் குறைவு, சண்டையும் குறைவு. லாலோ ஷிஃப்ரினின் அந்த இசை மட்டும் அப்போதே உண்டு. கண்ட சாபு தாளம் பழகிய காதுக்கு அந்த ஐந்து எண்ணிக்கை உடனே ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் தீக்குச்சி உரசி, திரி பற்றி ஓடும்போது அன்றைய எபிசோடின் காட்சிகளைத் துண்டு துண்டாகக் காட்டிவிடுவார்கள். அதையும் சேர்த்தே சகித்துக்கொள்ள வேண்டும்.

நான் எதிர்பாராத சந்தோஷம் பார்னி கோலியர். கிரெக் மோரிஸ் நடித்த பாத்திரம். குழுவின் எலெக்ட்ரானிக்ஸ் மூளை, கறுப்பினத்தவர். 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினத்தவரை அறையில் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரராக வைத்ததும், அதைப் பற்றி ஒரு வசனம்கூடப் பேசாமல் விட்டதும் இன்றைக்கும் அழகாக இருக்கிறது. அதைவிட அழகு அவருடைய கைகள். மேலே யாரோ விருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கீழே பார்னி காற்றுக்குழாய்க்குள் குப்புறப் படுத்தபடி சுவரில் துளை போடுவார். துளையில் கம்பியை நுழைப்பார், ஒரு திருகைக் கழற்றுவார், அது கீழே விழாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொள்வார். பேச்சே கிடையாது. இப்போதைய சீரியலாக இருந்தால் காதில் மாட்டிய கருவியில் ஒருத்தர் "சிவப்பு வயரை வெட்டு" என்று விளக்கிக்கொண்டே இருப்பார். இங்கே நாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு பாதிக் கண்ணில் பார்த்தீர்களானால் ஒன்றும் விளங்காது. அதனாலேயே எனக்குப் பிடிக்கிறது.

சரி, இனி கோபத்துக்கு வருவோம். விளம்பர இடைவேளை.

ஒவ்வொரு எபிசோடும் சுமார் ஐம்பது நிமிடம். நடுவில் விளம்பரத்துக்கென்று வெட்டிய இடங்கள் இருக்கும். அந்த இடம் நெருங்கினால் ஏதோ ஒன்று தப்பாகப் போயே ஆக வேண்டும். காவலாளி திரும்பி வருவார், விளக்கு எரியும், பூட்டு சிக்கும். கேமரா குழுத் தலைவராக நடிக்கும் பீட்டர் கிரேவ்ஸின் முகத்துக்குள் பாயும், பித்தளை வாத்தியம் ஒரு அறை அறையும், திரை இருட்டாகும். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு குடும்பம் சோப்பு விளம்பரத்தைப் பார்த்தபடி என்ன ஆகுமோ என்று தவித்திருக்கும். ப்ளூரேயில் விளம்பரம் இல்லை, எனக்கு அந்தத் தவிப்புக்குக் கொடுத்திருக்கும் நேரம் ஒரு நொடி. இருட்டு விலகினால் காவலாளி வந்த வழியே போய்க்கொண்டிருப்பார். அவ்வளவுதான் ஆபத்து! தொடர்ந்து இரண்டு எபிசோடு பார்த்தால் கடிகாரத்தைப் பார்த்தே இதோ இப்போது மாட்டுவார்கள் என்று சொல்லிவிடலாம். இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், திரை இருண்டதும் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வருவது. பாதி வேலை செய்கிறது. தூக்கம் கெடுவது தனிக்கதை.

முதல் எபிசோடைப் பார்த்தபோது இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. கரீபியன் தீவு ஒன்றில் ஓட்டல் பெட்டகத்துக்குள் இரண்டு அணுகுண்டுகள். பெட்டிக்குள் ஒளிந்து உள்ளே போக வேண்டிய பூட்டுத் திறப்பவரின் விரல்கள் நசுங்கிவிடும். தலைவரே அவருக்குப் பதிலாகப் போக வேண்டியதாகிவிடும். அது நிஜத் தவறு. அதன் விளைவு எபிசோடு முழுக்கத் தொடரும். பிற்பாடு அப்படித் தவறவிடத் தொடரை எழுதியவர்களுக்கு மனசே வரவில்லை.

அந்த முதல் சீசனில் தலைவர் ஸ்டீவன் ஹில். ஆசாரமான யூதர், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் படப்பிடிப்பில் இருக்க மாட்டார். இரண்டாவது சீசனில் அவர் இல்லை, வெள்ளைத் தலை பீட்டர் கிரேவ்ஸ் வந்தார். எனக்கென்னவோ ஹில்லின் சோர்ந்த முகம்தான் உளவாளி முகம். கிரேவ்ஸ் வங்கி மேலாளர் மாதிரி இருப்பார்.

மூன்றாவது சீசனில், 1969 தொடக்கத்தில் வந்த 'தி மைண்ட் ஆஃப் ஸ்டெஃபான் மிக்லோஸ்' எபிசோடுக்காகவே ஒருவர் பெட்டியை வாங்கலாம். வழக்கமாக இந்தத் தொடரில் எதிரிகள் எல்லோரும் மக்கு, முகமூடி போட்டு வந்து நின்றால் நம்பிவிடுவார்கள். இதில் வருபவர் மகா புத்திசாலி, எதையும் ஒருமுறை பார்த்தால் மறக்காதவர். குழுவின் திட்டமே அந்தப் புத்தியை நம்பித்தான். மிகச் சின்னச் சின்னத் தடயங்களை விட்டு வைப்பார்கள். சாதாரண ஆள் என்றால் கண்ணிலேயே படாது. அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கோத்து, தன் சொந்தத் திறமையால் தப்பான முடிவுக்குப் போய்ச் சேருவார். ஏமாற்றியதற்குச் சிரிக்க முடியாது, அந்த ஆள் மேல் மரியாதை வந்துவிடும்.

இன்றைக்குப் பார்க்கையில் நெருடுவது வேறொன்று. பல எபிசோடுகளில் குழுவினர் யாரையும் சுட மாட்டார்கள். எதிரியை அவருடைய கூட்டாளிகளே சந்தேகப்படும்படி செய்துவிட்டு வெளியே நிற்கும் வண்டியில் ஏறுவார்கள். உள்ளே துப்பாக்கி வெடிக்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வண்டி போய்விடும். காஸ்ட்ரோ உட்பட வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்ல சிஐஏ தீட்டிய திட்டங்கள் 1975ல் அமெரிக்க செனட்டில் ஃபிராங்க் சர்ச் என்பவர் தலைமையிலான குழுவின் விசாரணையில் வெளிவந்தன. அதைத் தெரிந்துகொண்டு இந்த வண்டியைப் பார்த்தால் சாகசமாகத் தெரியவில்லை. அது தொடரின் பலமா பலவீனமா என்று கேட்டால், அந்தக் குளிர்ச்சி எனக்குப் பிடிக்கிறது, பிடிப்பது எரிச்சலாகவும் இருக்கிறது.

மூன்றாவது சீசனோடு, குழுவில் நடித்த மார்ட்டின் லாண்டாவும் பார்பரா பெயினும் விலகினார்கள். அப்போது நிஜத்தில் கணவன் மனைவி. பெயின் மூன்று வருடம் தொடர்ந்து எம்மி விருது வாங்கியவர். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் உடை மாற்றினார்கள், ஆள் மாறவில்லை. லெனார்ட் நிமாய் இரண்டு சீசன் முயன்றார். கடைசி இரண்டு சீசனில் வெளிநாடு பெரும்பாலும் போய், உள்ளூர் மாஃபியா வந்தது. வெளிநாடு என்பதும் கலிஃபோர்னியாதான். ப்ளூரேயின் துல்லியத்தில் கிழக்கு ஐரோப்பாவில் அடிக்கும் வெயிலும், சண்டையில் உருளும் டூப்பின் பொய்முடியும் பளிச்சென்று தெரிகின்றன.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை விடவில்லை என்றால் என் பெட்டியிலிருந்து நான்காவது சீசன் முதல் கடைசி வரை எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பித் தர வேண்டாம். முதல் மூன்றைக் கேட்காதீர்கள்.